ஃபேக்ஸில் பறந்த தேவதூதன், ஈயத்தில் முடங்கிய படச்சுருள்

1989 அக்டோபர் 4ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து ஒரு தேவதூதன் ஃபேக்ஸில் புறப்பட்டான். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இறந்து அன்றோடு 320 ஆண்டுகள். அவர் வரைந்த தேவதூதன் ஒருவனைக் கணினியில் ஏற்றி, ஏடி அண்ட் டி நிறுவனத்தின் துணையோடு செயற்கைக்கோள் வழியாக அனுப்பினார் கலைஞர் மெல் அலெக்சன்பர்க். ஆம்ஸ்டர்டாம், ஜெருசலேம், டோக்கியோ, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று உலகைச் சுற்றிய தூதன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். அலெக்சன்பர்க் புரூக்ளினில் பிறந்தவர், மத நெறிகளைக் கடைப்பிடிக்கும் யூதர். அறிவியலும் கலையும் சேர்ந்த படிப்பு படித்து, எம்ஐடியின் காட்சிக்கலை ஆய்வு மையத்தில் இருந்தவர்.

பதினைந்து ஆண்டு கழித்து, 2004 செப்டம்பரில், மிலான் நகரில் ரயில் எஞ்சின் பாகங்கள் செய்துவந்த பழைய தொழிற்சாலைக் கூடத்தில் ஏழு கான்கிரீட் கோபுரங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் 90 டன் எடை, 14 முதல் 18 மீட்டர் உயரம். கட்டியவர் ஜெர்மானியக் கலைஞர் ஆன்செல்ம் கீஃபர். பெயர் ‘ஏழு வான மாளிகைகள்’. கூடம் இப்போது பிரெல்லி ஹங்கார்பிகோக்கா என்ற கலைக்கூடம்.

இரண்டையும் அருகருகே வைத்து யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்னது டிஜிட்டல் கலையின் வரலாறுகளில் வருகிறது, பின்னது பெரிய அருங்காட்சியகங்களின் உலகில். ஆனால் இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான். யூத மறைஞான மரபான கபாலாவும் அதற்கு முந்தைய தரிசன நூல்களும். இரண்டிலும் இயற்பியல் இருக்கிறது, எந்திரம் இருக்கிறது, மேலே ஏறுவது என்ற பழைய ஆசையும் இருக்கிறது. ஒருவர் அதை எடையே இல்லாத ஒன்றாகச் செய்தார். இன்னொருவர் எடையைத் தவிர வேறெதுவும் இல்லாதது போலச் செய்தார்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். ஐசக் லூரியா 1570இல் கலிலேயா மலைநகரான சஃபேதுக்கு வந்தார். இரண்டே ஆண்டில், 1572இல், கொள்ளைநோயில் இறந்தார். அவர் எழுதிவைத்தது மிகக் குறைவு. சீடர் ஹயிம் விட்டால் பதிந்துவைத்ததைக் கொண்டே நமக்கு அவரைத் தெரியும். அவர் சொன்ன படைப்புக் கதை இது. எல்லையற்ற ஒளி எங்கும் நிறைந்திருந்தால் உலகுக்கு இடம் ஏது? ஆகவே அது தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு வெற்றிடம் விட்டது. அந்த வெற்றிடத்தில் ஒரு கதிர் இறங்கியது. அதைத் தாங்கப் பத்துப் பாத்திரங்கள். மேலே இருந்த மூன்று தாங்கின. கீழே இருந்தவை ஒளியின் வேகம் தாளாமல் நொறுங்கின. ஒளியில் பெரும்பங்கு மேலே திரும்பிவிட்டது. மிச்சம் பொறிப்பொறியாக ஓடுகளோடு கீழே விழுந்தது. மனிதன் தொழுகையாலும் நற்செயலாலும் அந்தப் பொறிகளைப் பொறுக்கி மேலே அனுப்ப வேண்டும். அதுவே சீரமைப்பு.

1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட ஒரு மக்களின் நாடுகடந்த வாழ்வே இப்படிப் புராணமாகிவிட்டது என்றார் கெர்ஷோம் ஷோலெம். கபாலாவை வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாக நிலைநிறுத்தியவர் அவர். பிறகு வந்த மோஷே இடெல் அதை மறுத்தார், இந்தக் கருத்துகளுக்கு இன்னும் பழைய வேர் உண்டு என்றார். அந்தச் சண்டையில் நாம் இறங்க வேண்டாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கதையின் நடுவில் இருப்பது ஒரு விபத்து. இழப்பு இல்லாத லூரியா கிடையாது.

இயற்பியலோடு இதை முடிச்சுப் போடும் ஆசை எவருக்கும் எளிதில் வரும். ஒளி, வெற்றிடம், வெடிப்பு, சிதறல் எல்லாம் இருக்கிறதே, பெருவெடிப்பைத்தான் லூரியா சொல்லிவிட்டார் என்று பேசுபவர்கள் உண்டு. நமக்கும் இது பழக்கமான பேச்சுதான். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இந்தியா பரிசளித்த நடராசர் சிலை அதே 2004இல்தான் திறக்கப்பட்டது. அணுத்துகள் நடனத்தைச் சோழர்கள் அறிந்திருந்தார்கள் என்று அதன் படத்தைப் போட்டுப் பேசாத மேடை நம் ஊரில் குறைவு. ஆனால் பெருவெடிப்புக் கொள்கையில் முதலில் ஒரு காலியிடம் இருந்து அதற்குள் ஏதோ வெடிக்கவில்லை. விரிவது இடமேதான். லூரியாவிலோ முதலில் இடம், பிறகு கதிர். ஒப்புமை முதல் படியிலேயே இடறுகிறது. இடறினால் இடறட்டும். கலைஞனுக்குத் தேவை சமன்பாடு அல்லவே.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி ஷோலெம்தான். இஸ்ரேலின் ரெஹோவோத் ஊரில் உள்ள வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் 1965 ஜூனில் புதிய கணினி ஒன்று இயங்கத் தொடங்கியது. அதற்கு ‘கோலெம் அலெஃப்’ என்று பெயரிடச் சொன்னவர் அவர். களிமண் உருவத்துக்கு எழுத்துகளால் உயிரூட்டும் பிராகு நகர ரப்பியின் (யூத மதகுருவின்) கதை அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. திறப்பு விழாவில் பிராகு கோலெமையும் ரெஹோவோத் கோலெமையும் அவரே ஒப்பிட்டுப் பேசினார். ஒன்று இருபத்திரண்டு எபிரேய எழுத்துகளின் சேர்க்கையால் நடக்கிறது, மற்றது இரண்டே இலக்கங்களால் நடக்கிறது. வேடிக்கையும் கவலையும் கலந்த அந்தப் பேச்சில், கணினியைக் கபாலா முன்பே அறிந்திருந்தது என்ற பெருமையடிப்பு இல்லை. எங்கே ஒத்திருக்கிறது, எங்கே ஒத்துவரவில்லை என்பதைப் பார்ப்பதில்தான் அவருக்குச் சுவை.

அலெக்சன்பர்க்கின் தூதனுக்கு வருவோம். ரெம்பிராண்ட் 1639 முதல் 1658 வரை வாழ்ந்த வீடு ஆம்ஸ்டர்டாமின் யூதர் தெருவில் இருக்கிறது, இன்று அது அருங்காட்சியகம். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ரப்பி மெனாசே பென் இஸ்ரேலின் நூலுக்காக 1655இல் அவர் செதுக்கித்தந்த நான்கு படங்களில் ஒன்று, விவிலியத்தின் யாக்கோபு கனவில் கண்ட ஏணி. தரையிலிருந்து வானம்வரை நிற்கும் ஏணியில் தேவதூதர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். வானத்தில் இருக்க வேண்டியவர்கள் முதலில் ஏறுவானேன் என்று பழைய உரையாசிரியர்கள் கேட்டார்கள். பதினோராம் நூற்றாண்டின் ராஷி தந்த விடை சுவையானது. புனித நாட்டுக்குள் யாக்கோபுக்குத் துணைவந்த தூதர்கள் எல்லையைத் தாண்ட மாட்டார்கள், அவர்கள் மேலே ஏறிக்கொள்ள, வெளிநாட்டுக்கு உரியவர்கள் இறங்கி வந்து பொறுப்பேற்கிறார்கள். பேருந்தில் போகும்போது ஒரு செல்போன் கோபுரம் நம் அழைப்பை அடுத்த கோபுரத்திடம் கைமாற்றிவிடுவதைப் போல. அலெக்சன்பர்க் தொலைத்தொடர்பில் தேவதூதரைக் கண்டது வலிந்து ஒட்டியதல்ல என்று இந்த இடத்தில் தோன்றுகிறது. செய்தி சுமப்பவர்கள்தான் அவர்கள், மரபிலும்.

ஃபேக்ஸ் எந்திரம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இன்னும் சுவை கூடும். அக்காலத்துச் சாதாரண எந்திரம் தாளின் ஒவ்வொரு வரியையும் 1728 புள்ளிகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு புள்ளியும் வெள்ளை அல்லது கறுப்பு, இடையில் சாம்பல் கிடையாது. புள்ளிகளை ஒவ்வொன்றாக அனுப்பினால் நேரமாகும் என்பதால் எத்தனை வெள்ளை தொடர்ந்து வந்தது, பிறகு எத்தனை கறுப்பு என்று எண்ணிக்கையை மட்டும் குறியீடாக்கும். ஒரு விதி உண்டு. ஒவ்வொரு வரியும் வெள்ளையில்தான் தொடங்க வேண்டும். வரி கறுப்பில் ஆரம்பித்தாலும் முதலில் பூஜ்யம் வெள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் கறுப்புக்குப் போகும். தோரா எனும் யூத வேதம் வெள்ளை நெருப்பின்மேல் கறுப்பு நெருப்பால் எழுதப்பட்டது என்பது தால்மூத் காலக் கூற்று. அந்தக் கூற்றுக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்கும் அலுவலக எந்திரம் வேறொன்று இருக்க முடியாது. இதை வடிவமைத்த பொறியாளர்கள் நெருப்பைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள், தொலைபேசிக் கட்டணத்தைப் பற்றித்தான்.

தேவதூதன் பல தாள்களாகப் பிரிந்து போனான், போன நகரில் மறுபடி ஒட்டிச் சேர்க்கப்பட்டான். டோக்கியோவை அடைந்தபோது அங்கே அக்டோபர் 5 ஆகிவிட்டது. அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது மறுபடி அக்டோபர் 4. நாளைக்குப் போய் நேற்றைக்குத் திரும்பிய தூதன் என்று அலெக்சன்பர்க் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ளலாம், தவறில்லை. மேற்கத்திய கலையின் கிரேக்க மரபு உறைந்த வடிவத்தைத் தொழுதது, எபிரேய மரபோ நகர்வையும் செயலையும் மதித்தது, டிஜிட்டல் ஊடகம் பின்னதற்கே நெருக்கம் என்பது 2006இல் வந்த அவருடைய நூலின் வாதம். இந்த இரட்டைப் பிரிவினை எனக்கு ஒப்பவில்லை. கிரேக்கத்துக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற ஹெராக்ளிடஸ் உண்டு, எபிரேயத்துக்குக் கட்டளைகள் பொறித்த கல் பலகைகள் உண்டு. ஆனால் கலை என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு பயணம் என்று அவர் காட்டியது அன்றைக்குப் பெரிது. இணையம் வீடுகளுக்குள் வராத காலம் அது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஃபேக்ஸ் கம்பிக்குள் டிஜிட்டல், தாளில் அப்படியல்ல. அச்சாகி வந்த தாளை மறுபடி வருடியெடுத்து அனுப்பும்போது புள்ளிகள் கொஞ்சம் இடம் மாறும், விளிம்பு கரடாகும், மெல்லிய கோடு அறுந்துபோகும். ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் ஒளி சிந்தும். சுற்றி வந்த தூதனின் உடம்பில் வழியின் தழும்பு இருந்தே தீரும். லூரியாவின் கதை மொத்தமும் அந்தத் தழும்பில் இருக்கிறது. அலெக்சன்பர்க் அதன் பக்கம் திரும்பவில்லை. அவர் கொண்டாடியது ஒன்றுசேர்ந்ததை, மீண்டு வந்ததை. உடைவதற்கு முன்பே சீரமைப்பு நடந்துவிட்ட கபாலா அது. செலவைப் பார்த்துக்கொண்ட தொலைபேசி நிறுவனத்துக்கும் அதுதானே பிடித்திருக்கும். அந்த நிறுவனமே நீதிமன்ற வழக்கால் 1984இல் உடைந்து ஏழு வட்டார நிறுவனங்களைப் பிரித்துக் கொடுத்தது என்பதை யாராவது படமாக வரைந்திருக்கலாம்.

இனி மிலான். அங்கே நுழைபவருக்கு முதலில் தெரிவது இருட்டு. பிறகு கோபுரங்கள், சரக்குக் கன்டெய்னரின் வடிவத்தில் வார்த்த கான்கிரீட் அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே கோணலாக. இப்போது சரியும் என்று தோன்றும்படி நிற்கின்றன. அடுக்குகளுக்கு இடையே காரீயத்தால் செய்த நூல்களையும் ஆப்புகளையும் கீஃபர் செருகியிருக்கிறார். எடை அழுத்த அழுத்த மென்மையான ஈயம் நசுங்கி இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது, கோபுரம் உறுதியாகிறது. புத்தகம் இங்கே படிக்க அல்ல, தாங்க.

‘ஏழு வான மாளிகைகள்’ என்ற தலைப்பின் ஊற்று, கபாலாவையும்விடப் பழைய தரிசன நூல்கள். ஏழு மாளிகைகளைக் கடந்து இறைவனின் அரியணையை நெருங்கும் பயணத்தைச் சொல்லும் நூல்கள் அவை. ஒவ்வொரு வாயிலிலும் காவலர். அவர்களுக்குச் சரியான திருப்பெயர்களை முத்திரையாகக் காட்ட வேண்டும், தவறினால் கதி அதோகதி. கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் இன்றைய கணினியை நினைத்துக்கொண்டால் பயணத்தின் பதற்றம் புரியும். கீஃபரின் கோபுரங்களில் ஏற வழியில்லை. ‘செஃபிரோத்’ என்ற மிகக் குள்ளமான கோபுரத்தில் இறைமையின் பத்து நிலைகளின் பெயர்கள் நியான் விளக்கில் எபிரேயத்தில் எரிகின்றன. ‘மெலன்கோலியா’வின் உச்சியில் ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1514இல் செதுக்கிய படத்தின் பன்முகக் கல். அதன் அடியில் கண்ணாடிச் சில்லுகளும் தாள் துண்டுகளும் சிதறிக் கிடக்க, அவற்றில் எண்ணும் எழுத்துமாக நாசா விண்மீன்களுக்கு இட்ட அடையாளங்கள். விண்மீனின் பெயர் எண்ணாகி, எண் குப்பையாகி விழுந்திருக்கிறது. வேறு இரண்டு கோபுரங்களின் உச்சியில் இறைவனின் நான்கெழுத்துப் பெயர் இரண்டிரண்டாக உடைந்து எரிகிறது, அடிவாரத்தில் விண்கல் போல வார்த்த ஈய நூல்கள்.

ஈயம் ஏன்? கீஃபருக்கு அது பல்லாண்டுப் பிடிவாதம். 1985இல் கொலோன் பேராலயத்தின் கூரை ஈயத்தையே விலைக்கு வாங்கினார். சனிக் கிரகத்தின் உலோகம், ரசவாதத்தின் தொடக்கப் பொருள் என்றெல்லாம் விமர்சகர்கள் எழுதுவார்கள். இயற்பியல் சொல்வது அதைவிட அழுத்தமானது. யுரேனியம் 238 ஒரு பாத்திரம், தாங்க முடியாத அளவு நிரம்பிய பாத்திரம். அது உடைகிறது. உடைந்தது மறுபடி உடைகிறது. தோரியம், ரேடியம், ரேடான் என்று படிப்படியாக ஒளியும் துகளும் உமிழ்ந்துகொண்டே இறங்கி, கடைசியில் இனி உடைய ஒன்றுமில்லை என்று நிற்கும் இடம் ஈயம் 206. பாதி யுரேனியம் இப்படி மாற 447 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இந்த மெதுவான நொறுங்கலைக் கடிகாரமாக்கி, விண்கற்களில் இருந்த ஈயத்தை அளந்துதான் 1956இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் பூமிக்கு 455 கோடி வயது என்று சொன்னார். விண்கல் வடிவத்தில் ஈயப் புத்தகம் செய்தபோது கீஃபர் பேட்டர்சனை நினைத்தாரோ இல்லையோ, அந்தப் புத்தகத்தை உண்மையிலேயே வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தார்.

ஒப்பீட்டின் அச்சாணி ‘காந்தப்புலக் கோடுகள்’ என்ற கோபுரம். ஏழில் உயரமானது, 18 மீட்டர். அதன் உச்சியிலிருந்து அடிவரை ஒரு படச்சுருள் தொங்குகிறது. ஈயத்தில் செய்த சுருள். கீழே காலியான சக்கரமும் ஒரு கேமராவும், அவையும் ஈயம். ஒளி ஈயத்தை ஊடுருவாது, ஆகவே அந்தச் சுருளில் எந்தப் படமும் விழாது. உருவ வழிபாட்டை விலக்கிய மரபையும், ஒரு மக்களின் பண்பாட்டையே துடைத்தெடுக்க நாஜிகள் முயன்றதையும் சேர்த்துக் கலைக்கூடம் இதற்கு விளக்கம் தருகிறது. ஃபேக்ஸ் தூதனின் நேர் எதிர்த் துருவம் இந்தச் சுருள்தான். நகருக்கு நகர் தாளில்லாமல், எடையில்லாமல் மின்காந்த அலையாகப் படமே பறந்தது அங்கே. இங்கே படம் எடுக்கும் கருவி முழுதாக இருக்கிறது, படம் மட்டும் சாத்தியமில்லை. இரண்டுமே இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் உலகம்தான், மின்காந்தப் புலம்தான். ஒருவர் அதைச் சாலையாகப் பார்த்தார், இன்னொருவர் அதன்மேல் ஈயத்தைப் போர்த்தினார்.

யார் சொல்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அலெக்சன்பர்க்குக் கபாலா வீட்டுச் சொத்து. தொழுகையும் ஓய்வுநாளும் உள்ள வாழ்விலிருந்து அவர் பேசுகிறார், அதனால்தான் அவரிடம் துயரத்தைவிடத் தினசரி வேலையின் தெம்பு அதிகம். கீஃபர் 1945 மார்ச்சில், போர் முடிய இரண்டு மாதம் இருக்கையில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தன் நாடு அழித்த மக்களின் நூல்களை அவர் அந்நியனாக வாசித்தார். 1990இல் அவர் செய்து, இப்போது செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘பாத்திரங்களின் உடைவு’ என்ற படைப்பில் ஈய நூல்கள் அடுக்கிய அலமாரியும், தரையில் கொட்டிக்கிடக்கும் கண்ணாடியும் இருக்கின்றன. 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளிலும் தொழுகைக் கூடங்களிலும் உடைந்த கண்ணாடியை நினைக்காமல் அதை எவரும் பார்க்க முடியாது. அவர் சீரமைப்புக்கு வரவே மாட்டார். வர அவருக்கு உரிமையில்லை என்று அவரே நினைப்பதுபோல இருக்கிறது.

அதற்காகக் கீஃபரைத் தூக்கிவைத்து அலெக்சன்பர்க்கை இறக்கிவிடுவது சரியல்ல. 90 டன் துயரத்தில் ஒரு மிகை உண்டு. இடிபாடு இவ்வளவு அழகாக ஒளியூட்டப்படும்போது, பார்ப்பவர் பேரழிவை மறந்து அதன் அழகில் சொக்கிப்போக இடம் இருக்கிறது. கோபுரத்தின் முன்னால் செய்வதற்கு நமக்கு வேலை எதுவும் இல்லை, அண்ணாந்து பார்ப்பதைத் தவிர. ஃபேக்ஸ் தூதனிலோ ஒவ்வொரு நகரிலும் யாரோ சிலர் தாள்களைப் பொறுக்கி, வரிசை பார்த்து, ஒட்ட வேண்டியிருந்தது. லூரியா மனிதரிடம் கேட்ட காரியத்துக்கு அதுவே பக்கத்தில் இருக்கிறது. எனக்குக் கீஃபரின் சுருள் பெரிய கலை என்று படுகிறது. ஆனால் கபாலாவை வாழ்க்கை முறையாகப் புரிந்துகொண்டவர் அலெக்சன்பர்க்தான்.

இருவருக்கும் பிறகு வந்த ஒரு எந்திரத்தை இந்த ஒப்பீட்டுக்குள் இழுத்தே ஆக வேண்டும். சொல்லிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் பல, பரவல் மாதிரி என்ற முறையில் இயங்குகின்றன. அதன் தொடக்கம் 2015இல் வந்த ஒரு ஆய்வு. வெப்ப இயக்கவியலிலிருந்து எடுத்த கருத்து. ஒரு படத்தின்மேல் சிறிது சிறிதாக இரைச்சலைத் தூவி அது வெறும் புள்ளிக்கூட்டம் ஆகும்வரை உடைக்கிறார்கள். பிறகு அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கி ஒழுங்கை மீட்க எந்திரத்துக்குப் பயிற்சி தருகிறார்கள். உடைவும் சீரமைப்பும் இவ்வளவு நேரடியாக ஒரு கணக்குமுறைக்குள் இதற்கு முன் வந்ததில்லை. கபாலாவையும் இயற்பியலையும் டிஜிட்டல் கலையில் சேர்க்க விரும்பும் எவரும் அடுத்து இங்கேதான் வந்து நிற்பார்கள். அவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று. லூரியாவின் பொறி எங்கிருந்து விழுந்ததோ அங்கேதான் திரும்பிப் போக வேண்டும், அதற்கு ஒரு வேர் உண்டு. ரெம்பிராண்டின் தூதனும் நியூயார்க்கில் புறப்பட்டு, கொஞ்சம் சிதைந்தாலும், நியூயார்க்குக்கே வந்தான். பயிற்சி முடிந்த எந்திரமோ புதிய படம் கேட்கும்போது ஏதோ ஒரு தற்செயலான இரைச்சலிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த இரைச்சல் எந்தப் படமும் உடைந்து உண்டானதல்ல. அதிலிருந்து அது எழுப்பும் தேவதூதனை யாரும் எங்கிருந்தும் அனுப்பவில்லை.